ஹேதுவாவிலிருந்து மெடிக்கல் காலேஜ் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

கொல்கத்தாவுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. வீடு லேக் மார்க்கெட் பக்கம். வாழைப்பூ, இட்லி அரிசி, மல்லிகைச் சரம், காபித் தூள் எல்லாமே நடக்கும் தூரத்தில் கிடைத்துவிடுவதால், ஊரின் வடக்குப் பகுதியில் எங்களுக்கு அவ்வளவாக வேலை இருந்ததில்லை. துர்கா பூஜைக்குப் பந்தல் பார்க்கப் போவோம், கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வருவோம், அவ்வளவுதான். போன ஜனவரியில்தான் முதல்முறையாக அந்தப் பக்கத்தை நிதானமாகக் காலால் நடந்து பார்த்தேன். பெத்யூன் கல்லூரியில் படித்த பெண்களைப் பற்றிய நடை அது. மூன்றரை மணி நேரம், பத்துப் பேர், ஒரே நேர்ச்சாலை. கொல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும், இங்கே சுற்றிப் பார்க்க வருபவர்களும் போய் வர வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடத்துகிறார். விளம்பரம் எதுவும் இல்லை, தெரிந்தவர் வழியாகத்தான் போக வேண்டும். தன் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் எல்லோரும் கூப்பிட்டதுபோல நானும் தீதி, அதாவது அக்கா, என்றே எழுதுகிறேன். கட்டணம் 500 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி, கச்சோரியும் டீயும் அதிலேயே சேர்த்தி.

எனக்குச் சொன்னது எங்கள் லேபில் கூட வேலை செய்யும் வங்காளிப் பெண். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரி விண்ணப்பம் பற்றி வீட்டில் தினமும் பேச்சு. பெண்கள் கல்லூரி என்று நான் வாயெடுத்தாலே, "அதெல்லாம் அந்தக் காலம்மா, வேண்டாம்" என்று முடித்துவிடுவாள். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, "அவளை ஒருமுறை ஹேதுவாவுக்குக் கூட்டிப் போங்கள்" என்றாள்.

ஞாயிறு காலை அவ்வளவு சீக்கிரம் மெட்ரோ கிடையாது. டாக்சி பிடித்துத்தான் போனோம். நாம் பெத்யூன் என்று எழுதுகிறோம், இந்த ஊர் வாயில் அது 'பெதுன்'. டாக்சிக்காரரிடம் ஹேதுவா என்று சொன்னால் போதும். பிதான் சரணியில் டிராம் தண்டவாளத்தை ஒட்டிக் குளமும் பூங்காவுமாக இருக்கிற இடம் அது. ஆசாத் ஹிந்த் பாக் என்று பெயர் மாற்றி வருடங்கள் ஆகிவிட்டாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எதிரே 181-ஆம் எண் கதவுதான் கல்லூரி. ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல பனி. குல்லாவும் மப்ளரும் கட்டிய ஒரு பெரியவர், இரண்டு கல்லூரிப் பையன்கள், ஒரு தம்பதி, மூன்று தோழிகள், அப்புறம் நாங்கள் இருவர்.

தீதி பையிலிருந்து பத்து அட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பழைய புகைப்படம். பெயர் கிடையாது, வருடம் கிடையாது. ஆளுக்கு ஒன்று கொடுத்து, "இவர் இன்று உங்கள் பொறுப்பு, கடைசி வரை கையில் வைத்திருங்கள்" என்றார். இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான். மேலே போகப் போக ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் இடம் வரும். அங்கே அட்டையை வைத்திருப்பவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், தீதி சொல்வார். நம்முடையவரின் முறை எப்போது வரும் என்று மனம் காத்துக்கொண்டே இருக்கும். பள்ளிப் புத்தகத்தில் 'முதல் பெண் பட்டதாரி', 'முதல் பெண் மருத்துவர்' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிற பெயர்கள், கையில் ஒரு முகமாக இரண்டு கிலோமீட்டர் கூடவே வருகின்றன.

கல்லூரிக் கதை பள்ளியிலிருந்து தொடங்குகிறது. 1849 மே 7 அன்று, கவர்னர் ஜெனரல் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்த ட்ரிங்க்வாட்டர் பெத்யூன் 21 சிறுமிகளோடு பள்ளியைத் திறந்தார். அது இந்தக் கட்டடத்தில் இல்லை, தட்சிணாரஞ்சன் முகர்ஜி என்பவர் கொடுத்த சுகியா ஸ்ட்ரீட் வீட்டில். மதன்மோகன் தர்காலங்கார் என்ற சமஸ்கிருதப் பண்டிதர் புவன்மாலா, குந்தமாலா என்ற தன் இரண்டு மகள்களையும் அனுப்பினார். நல்ல குடும்பத்துப் பெண் தெருவில் இறங்கக் கூடாது என்ற காலம், அதனால் அழைத்து வரப் பள்ளியே குதிரை வண்டி வைத்திருந்தது. அந்த வண்டியில் ஒரு சமஸ்கிருத வரி எழுதியிருந்ததாம்: மகளையும் இவ்வாறே வளர்க்க வேண்டும், மிகுந்த முயற்சியோடு படிக்க வைக்க வேண்டும். பள்ளிக்குச் செயலராக இருந்தவர் சமூகச் சீர்திருத்தவாதி வித்யாசாகர். சாஸ்திரம் பேசி எதிர்த்தவர்களுக்கு சாஸ்திர வரியையே வண்டியில் எழுதிப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று தீதி சொன்னபோது குல்லாக்காரப் பெரியவர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

கல்லூரி வந்தது 1879-ல். கதம்பினி பாசு என்ற ஒரே ஒரு மாணவிக்காக. அவர் முந்தைய வருடம் கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறிவிட்டார், மேலே படிக்க வைக்க இடம் இல்லை, அதனால் பள்ளியிலேயே கல்லூரி வகுப்பு திறந்தார்கள். ஒரு பெண் பரீட்சையில் தேறிவிட்டாள் என்பதற்காக ஒரு கல்லூரி பிறந்த செய்தி எனக்கு இதுவரை தெரியாது. இந்தியாவின் முதல் பெண்கள் கல்லூரி இப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

முதல் குறை இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கதவு பூட்டு. எதிர் நடைபாதையில் குளத்து வேலியை ஒட்டி நின்றபடி, தூண்கள் வைத்த வெள்ளைக் கட்டடம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடம் கேட்டோம். மினி பஸ் போகும்போதெல்லாம் பாதி வாக்கியம் காணாமல் போகும். தீதியின் குரல் மென்மையானது, மைக் வேண்டாம் என்கிறார். பின்னால் நின்ற பையன்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமையாவது உள்ளே அழைத்துப் போனால் இந்த நடை வேறு உயரத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது அட்டை சந்திரமுகி பாசு. டேராடூன் கிறிஸ்தவக் குடும்பம். பெத்யூன் பள்ளியில் அப்போது இந்துச் சிறுமிகளுக்கு மட்டுமே இடம் என்பதால் அவர் வேறு இடத்தில் படித்தார். 1876-லேயே நுழைவுத் தேர்வு எழுதித் தகுதி பெற்றும், பல்கலைக்கழகம் அவரைத் தேறியவர் பட்டியலில் சேர்க்கவில்லை. பிறகு பி.ஏ.வுக்கு இதே கல்லூரிக்கு வந்தார். 1883-ல் கதம்பினியும் சந்திரமுகியும் ஒன்றாகப் பட்டம் பெற்றார்கள். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் இரண்டு பெண்கள் என்று நாம் படிப்பது இதைத்தான். மறு வருடமே சந்திரமுகி எம்.ஏ. முடித்தார். வித்யாசாகர் அவருக்கு ஷேக்ஸ்பியர் நூல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து வாழ்த்தினார். பிறகு முதலில் தன்னைச் சேர்த்துக்கொள்ள மறுத்த அதே நிறுவனத்துக்குத் தலைவராக வந்து அமர்ந்தார். யார் முதல் என்ற கேள்வியைத் தீதி இங்கே நிறுத்தி வைத்துப் பேசினார். 1876-ல் பட்டியலில் பெயர் போட்டிருந்தால் அந்த 'முதல்' வேறு இடத்தில் விழுந்திருக்கும், பட்டியல் போட்டவர் யார் என்று பார்த்துவிட்டு அப்புறம் 'முதல்' என்று சொல்லுங்கள் என்றார். நான் மிகவும் மதித்த இடம் இது.

காமினி ராயின் அட்டை மூன்று தோழிகளில் ஒருத்தியிடம் இருந்தது. 1886-ல் சமஸ்கிருதத்தில் ஹானர்ஸ் பட்டம், அதே கல்லூரியில் ஆசிரியை, அப்புறம் வங்கப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். ஆனால் வங்காளிகளுக்கு அவர் முதலில் கவிஞர். 'யாராவது ஏதாவது சொல்லிவிட்டால்' என்ற பொருளில் அவர் எழுதிய கவிதை ஒன்று இங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். தீதி முதல் வரியைத் தொடங்க, வங்காளிகள் எல்லோரும் சேர்ந்து சொல்லி முடித்தார்கள். டீக்கடைக்காரரும் சொன்னார். நம் ஊரில் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்கிறோமே, அதேதான் என்று மகளிடம் சொன்னேன்.

என் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தமிழ்நாடு என்று தெரிந்ததும் தீதி தேடி எடுத்துக் கொடுத்தது அது. அபலா தாஸ், பிறகு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியான அபலா போஸ். பெத்யூன் பள்ளி மாணவி. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். கல்கத்தா மெடிக்கல் காலேஜ் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னை மெடிக்கல் காலேஜோ 1875-லிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. எனவே 1882-ல் வங்க அரசின் உதவித்தொகையோடு அந்தப் பெண் சென்னைக்குப் போனார். ஹௌராவிலிருந்து இரவு ரயிலேறி மறுநாள் இரவோடு சென்ட்ரலில் இறங்குகிற வசதியெல்லாம் இல்லாத காலம். பதினெட்டு வயது இருக்கும். உடம்புக்கு முடியாமல் போய் மருத்துவப் படிப்பை முடிக்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. 1887-ல் திருமணம். 1919-ல் நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி, கிராமங்களில் பெண்களுக்குப் பள்ளிகள் ஏற்படுத்தினார், கைம்பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி கொடுத்தார்.

நானும் படிப்பை நடுவில் விட்டவள்தான். மயிலாடுதுறை பக்கத்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்யாணம். கொல்கத்தா வந்து, மகள் பிறந்து, அவள் பள்ளிக்குப் போன பிறகுதான் டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ படித்து லேப் வேலைக்கு வந்தேன். அபலாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நடைபாதையில் நின்றபோது, பட்டம் பெற்றவர்கள் நடுவே பட்டம் முடியாத ஒருவரையும் தீதி பத்தில் ஒருவராக வைத்திருப்பதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம்.

ஹேதுவாவிலிருந்து தெற்கே நடக்கத் தொடங்கினோம். விவேகானந்தா ரோடு சந்திப்பைத் தாண்டியதும் 211-ஆம் எண், சாதாரண் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்தச் சபையின் இடம். அதன் எதிரே அந்தக் காலத்து 13, கார்ன்வாலிஸ் ஸ்ட்ரீட். பிதான் சரணியின் பழைய பெயர்தான் கார்ன்வாலிஸ் ஸ்ட்ரீட். கதம்பினி கங்குலியும் கணவர் துவாரகாநாத்தும் வாழ்ந்த இடம். துவாரகாநாத்தின் முதல் தாரத்து மகள் பிதுமுகியை உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி மணந்தார். அவர்கள் பேரன்தான் இயக்குநர் சத்யஜித் ராய். பெரியவர் தன் கையிலிருந்த கதம்பினி அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொந்தப் பாட்டியைப் போலப் பெருமையோடு நின்றார்.

கதம்பினிக்குத் தீதி அரை மணி நேரம் கொடுத்தார், அதில் ஒரு நிமிடம்கூட அதிகம் இல்லை. பி.ஏ. முடித்த வருடமே திருமணம், உடனே கல்கத்தா மெடிக்கல் காலேஜ். அபலாவுக்கு மூடியிருந்த கதவு இவருக்குத் திறந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் மனதைத் திறக்கவில்லை. ஒரு பாடத்தில் தேர்ச்சி மறுக்கப்பட்டதால் எம்.பி. என்ற மருத்துவப் பட்டம் கிடைக்கவில்லை, 1886-ல் ஜி.பி.எம்.சி. என்ற தகுதியோடு தொழிலைத் தொடங்கினார். 1888-ல் லேடி டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் வேலை. அந்த வருடம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய ஒரு கடிதத்தில் இவரைப் பற்றி வியந்திருக்கிறார்: படிக்கும்போதே குழந்தை பெற்றவர், பிரசவத்துக்கு வெறும் 13 நாள்தான் வராமல் இருந்தார், ஒரு வகுப்பையும் தவற விட்டதாகத் தெரியவில்லை என்று. இதைக் கேட்டுக் கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. 13 நாளில் எழுந்து வகுப்புக்குப் போன உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்றுதான் தோன்றியது. தீதியும் அதையே சொன்னார், இதைச் சாதனையாக மட்டும் பார்க்காதீர்கள், விடுப்பு கேட்க முடியாத நிலைமையையும் பாருங்கள் என்று.

1891-ல் வங்கவாசி என்ற பத்திரிகை அவரை ஒழுக்கமில்லாதவர் என்று மறைமுகமாக எழுதியது. இரவில் பிரசவம் பார்க்க வெளியே போகிற பெண்ணைப் பற்றி எந்தக் காலத்திலும் எழுதுவதற்கு ஆள் உண்டு. தம்பதி நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆசிரியர் மகேஷ் சந்திர பாலுக்கு ஆறு மாதச் சிறையும் 100 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. பிறகு கதம்பினி பிரிட்டனுக்குப் போய் எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் மூன்று இடத்துத் தகுதிகளையும் பெற்றுத் திரும்பினார். எட்டுக் குழந்தைகளை வளர்த்த தாய். 1923 அக்டோபர் 3 அன்று காலை ஓர் அறுவை சிகிச்சை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், அன்றே இறந்துபோனார்.

சரளா தேவி சௌதுராணிக்கும் லீலா நாகுக்கும் நடந்துகொண்டே சொன்னார். தாகூரின் சகோதரி மகள் சரளா 1890-ல் பட்டம் பெற்று, அப்புறம் தன்னந்தனியாக மைசூர் மகாராணி பள்ளிக்கு வேலைக்குப் போனவர். லீலா 1921-ல் இங்கே பத்மாவதி தங்கப் பதக்கம் வாங்கி, டாக்கா பல்கலைக்கழகத்தில் நுழைந்து 1923-ல் எம்.ஏ. முடித்தவர், பின்னாளில் அரசியல் நிர்ணய சபைக்கும் போனவர். இருவரும் தனியாக ஒரு நடைக்குத் தகுதியானவர்கள்.

தந்தனியா காளி கோயிலைத் தாண்டி ஒரு கடையில் கச்சோரியும் தேங்காய்ப் பல் போட்ட கடலைப் பருப்பும். சுடச்சுட இருந்தது. நாலு கச்சோரி கணக்கு, ஐந்தாவது கேட்டாலும் கொடுத்தார்கள். உட்கார இடம் இல்லை. கழிவறை இல்லை என்பதுதான் பெரிய குறை. மூன்றரை மணி நேரப் பாதையில் முறையான கழிவறை ஒன்றுகூட ஏற்பாடு செய்யப்படவில்லை. வயதானவர்களும் மாதவிடாய் நேரத்தில் வருகிற பெண்களும் என்ன செய்வார்கள்? பெண்களைப் பற்றிய நடையில் இது கட்டாயம் சரிசெய்யப்பட வேண்டியது. தீதியிடம் நேரிலேயே சொன்னேன். பாதையில் வீடு இருக்கும் தன் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

மகாத்மா காந்தி ரோட்டைத் தாண்டினால் அதே சாலை காலேஜ் ஸ்ட்ரீட் ஆகிவிடுகிறது. ஞாயிறு என்பதால் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. பல்கலைக்கழக வாசலில் நின்றோம். இப்போது நூற்றாண்டுக் கட்டடம் இருக்கும் இடத்தில்தான் முன்பு செனட் ஹவுஸ் இருந்தது. 1960-ல் இடித்துவிட்டார்கள். 1932 பிப்ரவரி 6 அன்று அங்கே பட்டமளிப்பு விழா. பீனா தாஸ் என்ற 20 வயதுப் பெண் தன் பட்டத்தை வாங்க வந்தவர்களோடு அமர்ந்திருந்தார். கவர்னர் ஸ்டான்லி ஜாக்சன் பேச எழுந்தபோது துப்பாக்கியை எடுத்து ஐந்து முறை சுட்டார். ஒன்றும் படவில்லை. ஒன்பது வருடக் கடுங்காவல். துப்பாக்கியை ஏற்பாடு செய்து கொடுத்தவர் கமலா தாஸ்குப்தா, அவரும் பெத்யூன் மாணவி. பீனாவும் பெத்யூனில் படித்தவர். இரண்டு அட்டையும் அந்தத் தம்பதியிடம் இருந்தன, கணவர் கையில் கமலா, மனைவி கையில் பீனா.

மகளின் அட்டைக்கு அங்கேதான் முறை வந்தது. பிரீத்திலதா வத்தேதார். சிட்டகாங்கில் பிறந்து, டாக்கா ஈடன் கல்லூரியில் படித்து, தத்துவம் படிக்க பெத்யூனுக்கு வந்தவர். விடுதியில் தங்கியிருந்த நாட்களில், அலிப்பூர் சிறையில் தூக்குக்குக் காத்திருந்த புரட்சிக்காரர் ராமகிருஷ்ண பிஸ்வாஸை உறவுப் பெண் என்று சொல்லிக்கொண்டு நாற்பது தடவை வரை போய்ப் பார்த்திருக்கிறார். ஹேதுவாவிலிருந்து அலிப்பூர் ஊரின் இன்னொரு கோடி. எங்கள் வீட்டையும் தாண்டி. மகள், "பஸ்ஸிலா போனாங்க?" என்று கேட்டாள். தீதிக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. அந்தப் பெண் என்ன வண்டியில் போனாள், விடுதிக் காப்பாளரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்று கேட்கிறவர்கள்தான் எனக்கு வேண்டும் என்றார்.

பிரீத்திலதா பட்டப் படிப்பை முடித்துச் சிட்டகாங் திரும்பினார். 1932 செப்டம்பரில், இந்தியர்களுக்கும் நாய்களுக்கும் அனுமதி இல்லை என்று பலகை வைத்திருந்த பஹார்தலி ஐரோப்பியர் கிளப் மீது நடந்த தாக்குதலுக்குத் தலைமை ஏற்றார். பிடிபடாமல் இருக்க சயனைடு விழுங்கி இறந்தார். 21 வயது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஆண் உடையில் போன கல்பனா தத்தா பிடிபட்டிருந்தார். அவர் பெத்யூனில் அறிவியல் படித்தவர், பிறகு ஆயுள் தண்டனை பெற்று 1939-ல் வெளியே வந்தார். பிரீத்திலதாவுக்கும் பீனாவுக்கும் வெள்ளைக்காரர்கள் பட்டம் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். 2012 மார்ச்சில், 80 வருடம் கழித்து, கல்கத்தா பல்கலைக்கழகம் இருவருக்கும் அந்தப் பட்டத்தை வழங்கியது. வாங்கிக்கொள்ள இருவரும் உயிரோடு இல்லை. மகள் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளை நான் எதுவும் கேட்கவில்லை.

கடைசி நிறுத்தம் மெடிக்கல் காலேஜ் வாசல். இங்கே மறுபடி கதம்பினி. வீடு, பள்ளி, பட்டம், தொழில் எல்லாமே ஒரே சாலையில், நாங்கள் நடந்து வந்த அந்த இரண்டு கிலோமீட்டரில் இருந்திருக்கின்றன. சென்னைக்குப் போன அபலாவையும் சிட்டகாங் போன பிரீத்திலதாவையும் நினைத்தால், இந்தச் சாலையை விட்டு வெளியே போனவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதும் அங்கேதான் உறைக்கிறது.

என் மிகப் பெரிய வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து அட்டையில் நான்கு புரட்சிக்காரர்கள். விஞ்ஞானி ஒருவர்கூட இல்லை. அசீமா சட்டர்ஜி பெத்யூன் பள்ளியில் படித்தவர். அப்புறம் ஹேதுவாவை ஒட்டியே இருக்கிற ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் 1936-ல் கெமிஸ்ட்ரி பட்டம், 1944-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்ற முனைவர் பட்டம். 1961-ல் அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்ற முதல் பெண். 1975-ல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணி இருக்கிறதே, அதன் வகையைச் சேர்ந்த செடிகளின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்தவர். வலிப்பு நோய்க்கு ஆரைக்கீரையிலிருந்து மருந்து கண்டவர். இவ்வளவு பெரிய ஆளுக்கு வாசலில் இரண்டு நிமிடம், அதுவும் மினி பஸ் சத்தத்தில். கச்சோரிக் கடையில் இதைத் தீதியிடம் சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே. எதிர்ப்புப் பேசாமல் கேட்டுக்கொண்டார். "எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது, தெரியாததை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்" என்றார். பிறகு, "ஆரைக்கீரை என்றால் எது?" என்று கேட்டார். ஈர வயல் வரப்பில் நாலு இலையோடு நிற்கும் என்று கையால் காட்டினேன். "அட, அது எங்கள் ஷுஷ்னி ஷாக்" என்றார். தூக்கம் வராதவர்களுக்கு அவர் அம்மா அதைத்தான் வதக்கிக் கொடுப்பாராம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. கழிவறைக்கும் அசீமாவுக்குமாக ஒன்றைக் குறைத்திருக்கிறேன். கையில் கொடுக்கிற நாலு பக்கத் தாள் வங்காளத்தில் மட்டும்தான் இருக்கிறது, படிக்கத் தெரியாதவர்கள் ஒரு துணையோடு போங்கள். பேச்சு வங்காளமும் ஆங்கிலமும் கலந்துதான், ஆனால் கேட்டால் பொறுமையாகத் திருப்பிச் சொல்வார். தண்ணீர் பாட்டில், தட்டையான செருப்பு, பிப்ரவரி முடியும் வரை ஒரு ஸ்வெட்டர். நடை முடிகிற நேரத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிடும், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம்தான். நேரம் இருந்தால் திரும்பவும் ஹேதுவா பக்கம் போய், கல்லூரியை அடுத்த ராம்துலால் சர்க்கார் தெருவில் கிரீஷ் சந்திர தே – நகூர் சந்திர நந்தி கடையில் சந்தேஷ் இனிப்பு வாங்குங்கள். 1844-ல் தொடங்கிய கடை, பெத்யூன் பள்ளியை விட ஐந்து வயது மூத்தது. குளிர்காலத்தில் புதுப் பனைவெல்லம் போட்டுச் செய்வார்கள். நாங்கள் ஒரு டஜன் வாங்கினோம், வீடு வந்து சேரும்போது ஏழுதான் இருந்தது.

பிப்ரவரியில் நாங்கள் மறுபடி போனோம். இந்த முறை என்னைக் கேட்டது மகள். முந்தைய நாள் மாலை லேக் மார்க்கெட்டில், கிராமத்திலிருந்து கீரை கொண்டு வந்து தரையில் பரப்பி விற்கும் பெண்களிடம் தேடியபோது ஷுஷ்னி ஷாக் இரண்டு கட்டு கிடைத்தது. ஒரு கட்டைச் சமைத்துவிட்டு மற்றதை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஹேதுவா வேலியருகே தீதி பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். பதினொன்று இருந்தன.